டொப்ரின்யாவிலிருந்து புட்மிருக்கு

போஸ்னியா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஸ்ரெப்ரெனிட்சாவும் பள்ளிவாசல்களில் குனூத் ஓதி அழுததும்தான். அழுதது சரி. ஆனால், 1992 ஏப்ரலிலிருந்து 1996 பெப்ரவரி வரை முற்றுகைக்குள் கிடந்த சரயேவோ எப்படி விழாமல் நின்றது என்று நாம் கேட்டது குறைவு.

சுற்றிவர மலைகள், மலைகளில் செர்பியப் பீரங்கிகள். உள்ளே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். நகரைக் காத்த படையிடம் ஆட்கள் இருந்தார்கள், ரவை இல்லை. 1991இல் யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஐ.நா. ஆயுதத் தடை விதித்தது. பழைய இராணுவத்தின் களஞ்சியங்களோ பெரும்பாலும் செர்பியர் கையில். தடை யாரை அடித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

வளையத்தில் ஒரேயொரு இடைவெளி விமான நிலையம். 1992 ஜூன் கடைசியில் அது ஐ.நா. வசமானது. நிவாரண மா வந்திறங்கியது, ஆனால் ஓடுபாதையைக் கடக்க யாருக்கும் அனுமதியில்லை. இரவில் குறுக்கே ஓடியவர்கள்மேல் ஐ.நா. வாகனங்கள் வெளிச்சம் பாய்ச்சின; அந்த வெளிச்சத்தில் ஸ்னைப்பர்கள் சுட்டார்கள்.

மேலே முடியாவிட்டால் கீழே. 1993 மார்ச்சில் நகர்ப்பக்க டொப்ரின்யாவிலிருந்தும் மறுபக்கப் புட்மிரிலிருந்தும் பிக்காசு, மண்வெட்டியோடு தோண்டத் தொடங்கினார்கள். நிலத்தடி நீர் பெரிய கரைச்சல், இறைத்துக்கொண்டேதான் தோண்டினார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் இரு பக்கமும் சந்தித்தன. நீளம் சுமார் 800 மீற்றர், அகலம் ஒரு மீற்றர், உயரம் 1.6 மீற்றர்தான். குனிந்துதான் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் விலக இடமில்லை, எனவே முறைவைத்துப் போனார்கள். பிறகு தண்டவாளம் போட்டுச் சிறு வண்டிகளைத் தள்ளினார்கள். எண்ணெய்க் குழாய், மின் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் அதற்குள்ளேயே. தண்ணீர் தேங்கும் குழியில் மின்சாரம்! ஜனாதிபதி இஸ்ஸத்பெகோவிச்சைக்கூடச் சக்கரம் பூட்டிய கதிரையில் வைத்துத்தான் தள்ளிச் சென்றார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வழி இராணுவத்தின் கையில். அனுமதியில்லாமல் எவரும் போக முடியாது. ரவையும் காயப்பட்டோரும் முதலில், மற்றதெல்லாம் பிறகு. உள்ளே கொண்டுவந்த சாமானைப் பன்மடங்கு விலைக்கு விற்றவர்களும் அதே வழியால்தான் வந்தார்கள். பசித்திருந்த சனத்துக்கு இது தெரியும். அதனால் அந்தத் தோண்டலின் பெறுமதி குறைந்துவிடாது, ஆனால் தியாகக் கதையாக மட்டும் அதைச் சொல்வது நேர்மையில்லை.

புட்மிர்ப் பக்க வாசல் ஒரு குடும்பத்தின் வீட்டடியில் இருந்தது. சுரங்கம் இருப்பது செர்பியருக்குத் தெரிந்தே அப்பகுதிக்கு ஷெல் அடித்தார்கள். வெளியே வந்தவர்களுக்கு அந்த வீட்டு மூதாட்டி தண்ணீர் கொடுப்பார். இன்று அது நூதனசாலை. சுவரில் ஷெல் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. சுரங்கத்தில் நடந்து பார்க்கக் கூடியதாக மிஞ்சியிருப்பது ஒரு சிறு துண்டுதான்.