சாதன மரமும் அதன் தனிக்குடித்தனமும்

கணனியின் பணிசெயல் முறைமை தான் இயங்கும் வன்பொருளை எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பது சாதாரணமாக எவரும் எழுப்பாத வினாவாகும். மேசைக் கணனியில் இதற்கு விடை எளிது. அதன் பாகங்களிற் பல, வினவப்பட்டதும் தம்மைத் தாமே அறிமுகஞ் செய்துகொள்கின்றன. கைத்தொலைபேசியிலும் சிறு பலகைக் கணனியிலும் நிலைமை வேறு. எந்த முகவரியில் எந்தச் சில்லு உள்ளது என்பதை எவரேனும் எழுதிவைத்தாலன்றி முறைமை அதனை அறிய வழியில்லை. அவ்விவரணம் யார் வீட்டில் இருத்தல் வேண்டும் என்பது பற்றிய நீண்ட வழக்கே இங்கு நோக்கப்படுகின்றது.

லினக்ஸ் முறைமையில், ஏ.ஆர்.எம். வகைச் செயலிகளைப் பொறுத்தவரை, அது நெடுங்காலம் கேர்னல் எனப்படும் கருவின் மூலநிரலுக்குள்ளே சீ மொழியில் எழுதப்பட்டிருந்தது. பலகைதோறும் ஒரு கோப்பு. சந்தைக்குப் புதிய பலகைகள் வர வரக் கோப்புகளும் பெருகின. 2011 மார்ச்சில் லைனஸ் டோர்வால்ட்ஸ் இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தார்.

பரிகாரம் புதிதாகத் தேடப்பட வேண்டியிருக்கவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணனிகளில் வளர்ந்து, 1994 இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1275 என்னும் நியமமாகிய ஓப்பின் பேர்ம்வெயார் அதனை முன்னரே கொண்டிருந்தது. வன்பொருளைக் கிளைவிட்ட மரமாக விவரிக்கும் இம்முறையே டிவைஸ் ட்றீ, அதாவது சாதன மரம். 2005 அளவில் பவர்பிசி லினக்ஸ் இதன் சுருங்கிய வடிவைக் கையாண்டது. 2011 முதல் ஏ.ஆர்.எம். பகுதியும் அவ்வழியிற் சென்றது.

சாதன மரம் கூறுவது வன்பொருளைப் பற்றியேயன்றி லினக்ஸைப் பற்றியன்று. எனவே எந்த முறைமையும் அதனை வாசிக்கலாம். அவ்வாறாயின் அக்கோப்புகள் லினக்ஸின் மூலநிரலுக்குள் கிடப்பானேன்? 2013 இல் இவ்வினா தீவிரமாக விவாதிக்கப்பட்டது. பிரிக்கவேண்டும் என்றோரின் வாதம் வலிமையானது. ஒரு பலகையுடன் வந்த பழைய விவரணம், பின்னர் வரும் புதிய கருவுடனும் இயங்கவேண்டும். இல்லையேல் அப்பலகையை வாங்கியவன் கைவிடப்படுகிறான். விவரணமும் அதனை வாசிக்கும் டிரைவர் நிரலும் ஒரே வீட்டில் இருக்கும்போதோ, இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடுவது எளிது. வாக்கு மீறப்பட்டதை உள்ளிருப்போர் உணர்வதேயில்லை. மறுதரப்பினர் கூறியதும் புறக்கணிக்கத்தக்கதன்று. விவரணத்தை எழுதுவோரும் டிரைவரை எழுதுவோரும் பெரும்பாலும் ஒருவரே. திருத்துநரும் அங்கேயே உள்ளனர். ஆளில்லாத தனிவீட்டினாற் பயன் யாது?

ஈற்றில் உருவானது ஓர் இடைவழி. கோப்புகள் லினக்ஸுக்குள்ளேயே தங்கின. ஆயினும் அவற்றையும் அவற்றின் எழுத்துவிதிகளையும் மட்டும் தன்னியக்கமாகப் பிரித்தெடுத்து, வரலாறு சிதையாது பேணும் தனிக் களஞ்சியம் ஒன்று தோன்றியது. கணனியைத் தொடக்கும் யூ-பூட் நிரல், முன்னர் கோப்புகளைத் தனித்தனியே பிரதிசெய்து வந்தது. பிரதிகள் மூலத்தினின்றும் விலகிச் சென்றன. 2024 இல் அக்களஞ்சியத்தை அது முழுமையாகத் தன்னுள் இணைத்துக்கொண்டது.

உரிமத்தின் சிக்கலும் சிறிதன்று. லினக்ஸின் ஜீ.பி.எல். உரிமம், பிறீ பி.எஸ்.டி. போன்ற முறைமைகளுக்கு ஒவ்வாதது. ஆதலால் பல விவரணக் கோப்புகள் ஈருரிமம் பெற்றன. ஒரு கோப்பில் கைவைத்த பலரின் இசைவையும் பெறவேண்டிய, புகழ் கிட்டாத உழைப்பு அது.

2016 இல் சாதன மரத்தின் பொது வரையறை தனிநூலாக வெளிவந்தது. இதனை முழுப் பிரிவு எனச் சிலர் கருதுவர். அது மிகைக் கூற்று. இலக்கணம் வெளியேறியது, ஒவ்வொரு சில்லுக்குமுரிய சொற்களைத் தரும் அகராதி உள்ளேயே இருந்துவிட்டது. அண்மைக்காலத்தில் அவ்வகராதி, பொறியே சரிபார்க்கத்தக்க யாம்ல் வடிவுக்கு மாற்றப்பட்டு வருகின்றமை மெய்யான முன்னேற்றமாகும். விதிமீறல் இப்போது கண்ணிற் படுகிறது. எனினும் பிறீ பி.எஸ்.டி. பயனர் ஒருவர் தம் பலகையின் விவரணத்திற் பிழை கண்டால், அத்திருத்தத்தை லினக்ஸ் கருவின் பொறுப்பாளர்களிடமே இன்றும் சமர்ப்பிக்க வேண்டியுள்ளது.