அடிக்கோடு போட்ட அரசியல் சாசனம்

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுத் தரச் சொன்னாங்க. நான் அதைத் தூக்கி ஏஐ கிட்ட குடுத்து, "மொழியை மட்டும் சுத்தம் பண்ணு"ன்னேன். அரை நிமிஷத்துல அம்சமா வந்துச்சு. அப்படியே டீமுக்கு அனுப்பிட்டேன். நாலு பேர் படிச்சாங்க, நாலு பேருமே 'சூப்பர்'. அஞ்சாவதா படிச்ச அக்கவுண்ட்ஸ் அக்கா மட்டும் கேட்டாங்க: "தம்பி, 30 வேலை நாள்னு இருந்தது எப்ப வெறும் 30 நாளாச்சு?"

எனக்கே தெரியாது :-)

சரி, வேற என்னத்தையெல்லாம் மாத்தினேன்னு அந்த ஏஐ கிட்டயே கேட்டேன். பட்டியல் குடுத்துச்சு. அந்தப் பட்டியல்லயும் 30 நாள் இல்ல! முதல் நாலு பேரைக் குறை சொல்லி என்ன பண்ண? எது பழசு, எது புதுசுன்னே காட்டாம ஒரு வழவழ காகிதத்தை நீட்டினா யாரால என்ன கண்டுபிடிக்க முடியும்?

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது 1948-ல அம்பேத்கர் எழுதின ஒரு கடிதம்.

நம்ம அரசியல் சாசனத்தோட முதல் வரைவை எழுதினது அம்பேத்கர் இல்லைங்கிறது பலருக்குத் தெரிஞ்சிருக்கும். எழுதினவர் பெனகல் நரசிங் ராவ். ஐ.சி.எஸ். அதிகாரி, அரசியல் நிர்ணய சபையோட அரசியல் சாசன ஆலோசகர். சபையில அவர் உறுப்பினரே கிடையாது, ஓட்டும் கிடையாது. உலகத்து சாசனங்களையெல்லாம் படிச்சு, சபை எடுத்த முடிவுகளையும் வெச்சு, 1947 அக்டோபர்ல 243 ஷரத்து, 13 அட்டவணையோட ஒரு வரைவு குடுத்தார். அம்பேத்கர் தலைமையிலான ஏழு பேர் வரைவுக்குழு அதை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுது. 1948 பிப்ரவரி 21-ம் தேதி 315 ஷரத்து, 8 அட்டவணையோட புது வரைவு ராஜேந்திர பிரசாத் கைக்குப் போச்சு.

கூடவே போன கடிதத்துலதான் விஷயம் இருக்கு. சபை ஏற்கெனவே எடுத்த முடிவுகளை முடிஞ்ச வரைக்கும் அப்படியே எழுதியிருக்கோம்; மாத்தணும்னு தோணின இடங்கள்ல அடிக்கோடோ பக்கக்கோடோ போட்டிருக்கோம்; ஏன் மாத்தினோம்னு அடிக்குறிப்பும் குடுத்திருக்கோம். அம்பேத்கர் சொன்னதோட சாரம் இவ்வளவுதான்.

ஒரே ஒரு அடிக்குறிப்பை மட்டும் பார்ப்போம். வரைவுல 15-வது ஷரத்து, இன்னிக்கு 21. உயிரும் சுதந்திரமும் பத்தினது. 'உரிய சட்ட நெறிமுறை' இல்லாம யாரோட சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாதுன்னு 1947-லயே சபை முடிவு பண்ணியிருந்தது. வரைவுக்குழு அதை 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி தவிர'ன்னு மாத்திடுச்சு. கேக்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா முதல் வாசகம் இருந்தா, அந்தச் சட்டமே நியாயமானதான்னு கோர்ட் கேக்கலாம். ரெண்டாவதுல, சட்டம்னு ஒண்ணு இருந்து அதுபடி நடந்தா போதும், உள்ள தூக்கிப் போடலாம்.

அடிக்குறிப்பு சொன்ன காரணம்: புது வாசகம் இன்னும் திட்டவட்டமானது, 1946 ஜப்பான் சாசனத்தோட 31-வது ஷரத்தைப் பாருங்க. 1947 கடைசியில ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்திச்சதும், 'உரிய நெறிமுறை' வேண்டாம்னு அவர் சொன்னதும் அடிக்குறிப்புல இல்ல. அதாவது, மாத்தினவங்க சொல்ற காரணத்தையும் நாம சோதிக்கத்தான் வேணும். இது எனக்கு ஒரு உறுத்தல்தான்.

ஆனா மாத்தின இடம் பளிச்சுனு தெரிஞ்சுதே! 1948 டிசம்பர் 6-ம் தேதி காஜி சையத் கரிமுதீன் பழைய வாசகமே வேணும்னு திருத்தம் கொண்டுவந்தார். வரைவுக்குழுவுல இருந்த கே.எம். முன்ஷியே அதை ஆதரிச்சார். அதே குழுவுல இருந்த நம்ம மெட்ராஸ் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் எதிர்த்தார். 13-ம் தேதி அம்பேத்கர் ரெண்டு பக்க வாதத்தையும் சொல்லி, முடிவை சபைகிட்டயே விட்டுட்டார். திருத்தம் தோத்துது.

அதோட முடியல. 1949 செப்டம்பர்ல அம்பேத்கர், அந்த வாசகத்துல தனக்கே திருப்தி இல்லன்னு ஒத்துக்கிட்டு, ஈடுகட்ட ஒரு புது ஷரத்து கொண்டுவந்தார். கைதானவருக்குக் காரணம் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இன்னிக்கு 22-வது ஷரத்து. தடுப்புக் காவல்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் முழுசா கிடையாதுங்கிறது தனிச் சோகம். 1950-ல மெட்ராஸ் அரசு அடைச்சு வெச்ச ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட் போய் அதுலதான் தோத்தார். சட்டத்தோட நடைமுறை நியாயமாவும் இருக்கணும்னு கோர்ட் சொல்ல 1978 மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது.

ஒரு வாசக மாற்றம், முப்பது வருஷம். அடிக்கோடு இல்லாம அது நுழைஞ்சிருந்தா கரிமுதீன் எதை எதிர்த்து எழுந்திருப்பார்?

இப்பல்லாம் ஏஐ எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி, பழைய கோப்பையும் புதுசையும் வேர்டுல ஒப்பிட்டு, வித்தியாசம் தெரியற பிரதியைத்தான் அனுப்பறேன். அர்த்தம் மாறின இடத்துல ஏன்னு ஒரு வரி. ஏஐ சொன்ன காரணத்தை அப்படியே ஒட்டறதில்ல, எனக்குப் புரிஞ்சதை எழுதறேன். புரியலன்னா பழைய வரியே இருந்துட்டுப் போகட்டும். அரை நிமிஷ வேலை அரை நாள் ஆகுது, வேற வழியில்ல.

கொசுறு: சாசன வரைவுக்கு வந்த திருத்தங்கள் சுமார் 7,635. சபையில முன்மொழிஞ்சது 2,473. நசிருத்தீன் அகமதுன்னு ஒரு உறுப்பினர் கமா, அரைப்புள்ளி வரைக்கும் விடாம திருத்தம் குடுத்தவர். கடுப்புல 'டிராஃப்டிங் கமிட்டி இல்ல, டிரிஃப்டிங் கமிட்டி'ன்னு, திசை தெரியாம மிதக்கற குழுன்னு, பேரே வெச்சுட்டார். 1949 நவம்பர் 25-ம் தேதி கடைசிப் பேச்சுல அம்பேத்கர் அதுக்கும் பதில் சொன்னார்: மிதந்தோம்தான், ஆனா சும்மா தூண்டில் போட்டுக்கிட்டு இல்ல, எந்த மீன் வேணும்னு தெரிஞ்சு தேடினோம்னு.

இந்தக் கதையை அக்கவுண்ட்ஸ் அக்காகிட்ட சொன்னேன். "அந்த அகமது சாரை எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி"ன்னாங்க.