அறுபதும் நாற்பதும்

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களை அடுக்கி, அவை தீர்ந்ததும் மீண்டும் பிரபவத்திலிருந்தே எண்ணத் தொடங்கும் நம் பஞ்சாங்க முறைக்கு, வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் சனி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளிலும் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி முடிக்கின்றன என்பதும், ஆகையால் இரண்டும் புறப்பட்ட இடத்துக்கு ஒருங்கே திரும்பி வர அறுபது ஆண்டுகள் செல்லும் என்பதும் ஆதாரமாகக் கூறப்படுகின்றன. தான் பிறந்த வருஷத்தின் பெயரை ஒருவன் மறுபடியும் காதால் கேட்கும் நாளையே சஷ்டியப்த பூர்த்தி என்று வைதிகரும், அறுபதாங் கல்யாணம் என்று ஊராரும், மணிவிழா என்று மேடைத் தமிழரும் கொண்டாடி வருகின்றனர்.

இன்றைய தருமபுரி மாவட்டம் சேலம் ஜில்லாவின் வடபகுதியாக இருந்த காலத்தில், பிறந்த தேதியைக் குறித்து வைத்த குடும்பங்கள் சொற்பமே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை, அதிலும் சேலம் ஜில்லாவைக் கடுமையாக வாட்டிய தாது வருஷப் பஞ்சம்தான் இப்பகுதிக் குடியானவர்களுக்கு வயதளக்கும் கோலாக விளங்கியது. பஞ்சத்துக்கு முன் பிறந்தவன், பஞ்சத்தில் பிறந்தவன், பஞ்சம் தெளிந்தபின் பிறந்தவன் என்ற மூன்றே வகுப்புகளில் ஒரு தலைமுறை முழுவதும் அடங்கிற்று. தாது வருஷம் 1936ஆம் ஆண்டில் திரும்பி வந்தபோது, பசியில் பிறந்து பிழைத்திருந்தவர்களுக்கு அறுபது நிறைந்தது. பிற்பாடு பள்ளிக்கூடத்துப் பதிவேடு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பள்ளியில் சேர்த்த வாத்தியாரின் பேனா முனையில் ஜூன் மாதத்தில் பிறந்துவிட்ட பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

அறுபதாம் ஆண்டுச் சடங்கில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மறுமாங்கல்ய தாரணமோ கலசாபிஷேகமோ அன்று. அவற்றுக்கு முன்னால், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சங்கற்பமே. நூல் சுற்றி மாவிலை செருகிய கலசங்களுக்கு எதிரே, மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் தரித்து, வலத்தொடையின்மேல் இடக்கையை மலர்த்தி வைத்து வலக்கையால் அதை மூடிக்கொண்டு கர்த்தா அமர்ந்திருக்க, புரோகிதர் வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தை வகுத்துக்கொண்டே வந்து, இன்ன இடத்தில் இன்னார் இன்னதைக் கருதி இதைச் செய்கிறார் என்று முடிக்கிறார். ஒரு நோக்கத்தைத் தெரிவிக்குமுன் காலத்தையும் இடத்தையும் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லிக்கொள்ளும் ஏற்பாட்டை வகுத்தவர்கள், மனித மனம் நழுவும் இயல்பை நன்றாக அறிந்தவர்களாக இருக்கவேண்டும். ஆனால் அவ்வளவு கண்டிப்புக்கும் பின்னர்க் கேட்கப்படுவது பெரும்பாலும் ஆயுளும் ஆரோக்கியமுமே. பதினாறு வயதே விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த ஈசன் உறையும் திருக்கடவூருக்கு, தருமபுரியிலிருந்தும் தம்பதிகள் அதற்காகவே பயணப்படுகின்றனர்.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு வேறொரு கெடுவும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது நெடுங்காலம் 58ஆக இருந்து, 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. வீட்டுக்கு மேல்தளம் போடுவதும், கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும், காசிக்குப் போய்வருவதும் அந்தக் கெடுவுக்கு முன்னால் முடிய வேண்டிய காரியங்களாகின்றன.

ஆயுளைப் பற்றிய பழங்கதையொன்று இந்த மண்ணுக்கே உரியது. தகடூர் என்பது தருமபுரியின் பண்டைப் பெயர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் அருநெல்லிக்கனி தன் கைக்கு வந்தபோது, அதன் மகிமையைச் சொல்லாமலே ஔவைக்கு ஈந்தான். அஞ்சி வெறும் கதைமாந்தன் அல்லன். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் பெயரைச் சொல்லி அவன் வழங்கிய குகையிருக்கையைக் குறிப்பதோடு, அசோகனின் சாசனங்களில் வரும் சத்தியபுத்திரர் என்ற பட்டத்தையும் அவனுக்குச் சூட்டுகிறது.

அந்தத் தகடூர் நாட்டில், பென்னாகரத்துப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில், இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு மனிதர் வந்து தங்கினார். 1884 அக்டோபர் 4ஆம் நாள், தாரண வருஷத்தில், வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு 1908இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தபோது அவருக்கு இருபத்து நான்கு கூட நிறையவில்லை. 1912இல் விடுதலையாகி வெளிவந்தவரோடு, சிறையில் பற்றிய தொழுநோயும் வெளிவந்தது. ‘ஞானபாநு’ என்ற பத்திரிகையை நடத்தியும், ஊர் ஊராகப் பிரசங்கித்தும், மீண்டும் சிறைக்குச் சென்றும் அவர் கழித்த ஆண்டுகளில் நோய் முற்றிற்று. ரயிலில் ஏறலாகாது என்று சர்க்கார் தடுத்தபோது, கட்டை வண்டியிலும் கால்நடையாகவுமே அவர் பிரயாணத்தைத் தொடர்ந்தார். அக்காலத்து இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைக்கூட எட்டாத நிலையில், அந்தச் சரீரத்தை வைத்துக்கொண்டு அறுபதை எதிர்பார்ப்பதற்கு அவருக்கு நியாயமே இல்லை.

இந்த நிலையிலிருந்த ஒருவர் தமக்காகக் குறித்துக்கொண்ட காரியந்தான் வியப்புக்குரியது. சாதி சமய பேதமின்றி எவரும் நுழைந்து வணங்கத்தக்கதாகப் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்று அவர் சங்கற்பித்தார். பாப்பாரப்பட்டியில் அன்பர்கள் துணையோடு நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, 1923ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல் நாட்டுவித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. வங்கத்தின் பெருந்தலைவர் ஒருவர் சேலம் ஜில்லாவின் ஒரு மூலைக் கிராமத்துக்கு வந்து கல் நாட்டினார் என்றால், அழைத்தவரின் வாக்குக்கு இருந்த வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். பொருள் மட்டும் சேரவில்லை. நிதி திரட்ட ஊர்கள்தோறும் அலைந்து, மதுரையிலிருந்து திரும்பிப் பாப்பாரப்பட்டியை அடைந்தவர், 1925 ஜூலை 23ஆம் நாள் அங்கேயே காலமானார். நாற்பது நிறைந்து நாற்பத்தொன்று நிறையவில்லை. கல் நாட்டிய தாஸும் அதற்கு ஒரு மாதம் முன்னரே, ஜூன் 16ஆம் நாள், மறைந்துவிட்டார்.

சிவா கொண்டாடாத விழாக்களை நான் சில வேளைகளில் கணக்கிட்டுப் பார்ப்பதுண்டு. வீண் கணக்குத்தான், ஆயினும் விடமுடிவதில்லை. தாரண வருஷம் திரும்பி வந்து அவருக்கு அறுபது நிறைந்திருக்க வேண்டிய 1944இல் நாடு இன்னும் அடிமைப்பட்டே கிடந்தது. அவர் சிறை சென்றதற்குக் காரணமான முதற் சங்கற்பம் நிறைவேறியது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே. எண்பது ஆண்டும் சில மாதங்களும் சென்று ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் செய்வது மரபாகையால், அவருக்கு அது 1965ஆம் ஆண்டில் வந்திருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயம் திறக்கப்படுவதற்கு, அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.