இறகில் பொறித்த வரலாறு

வரலாறு என்றவுடன் ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்தறியாத ஒரு பறவை, மனிதன் எழுதாது விட்ட வரலாற்றைத் தன் இறகில் பொறித்து வைத்துள்ளது என்றால் நம்மில் பலர் வியப்படைவோம்.

வடதுருவப் பனிக்கடலில் ஒரு கடற்காகம் வாழ்கிறது. தந்தம் போன்ற தூய வெண்மையால் அதனை ஆங்கிலத்தில் 'ஐவரி கல்' என்பர். மீன்களை அது உண்ணும். துருவக்கரடி தின்று எஞ்சிய சீல்களின் உடலையும் அது கொத்தித் தின்னும். அது வாழும் பனிவெளியில் ஆலைகள் இல்லை. ஆயினும் நிலக்கரியை எரிக்கும்போதும், பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிரிக்கும்போதும் எழும் பாதரச ஆவி, காற்றில் நெடுந்தொலைவு சென்று அங்கும் படிகிறது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. சிற்றுயிரை மீனும், மீனைப் பறவையும் உண்ண உண்ண, அந்நஞ்சு படிக்குப்படி செறிவடைகிறது.

இறகு வளரும் காலத்தில் குருதியிலுள்ள பாதரசம் அதன் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. வளர்ந்து முடிந்த இறகுக்குக் குருதித் தொடர்பு இல்லை. எனவே அப்பதிவு நிலைத்து நிற்கிறது. 1877 முதல் 2007 வரை சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் காக்கப்பட்ட 80 பறவைகளின் இறகுகளை ஆய்ந்து, கனடா நாட்டு அறிஞர்கள் 2015இல் முடிவை வெளியிட்டனர். அந்த 130 ஆண்டுகளில் மெத்தில் பாதரசம் 45 மடங்கு பெருகியிருந்தது. பறவையின் உணவுப் பழக்கமோ மாறவில்லை. மாறியது அதன் உணவில் கலந்த நஞ்சின் அளவே.

இறகை உதிர்க்கும்போது பறவை தன் நஞ்சில் ஒரு பகுதியையும் உதிர்க்கிறது. ஆனால் தாய்ப்பறவை மற்றொரு பகுதியை முட்டைக்குள்ளும் இறக்கிவிடுகிறது. கருவில் உருவாகிவரும் நரம்பு மண்டலத்தையே அது முதலில் தாக்குகிறது. ஸ்வால்பார்டு தீவுகளில் வாழும் வேறொரு கடற்காக இனத்தில், குருதியில் பாதரசம் மிகுந்த பறவைகள் அவ்வாண்டு முட்டையிடாமலே இருந்துவிடுவதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கனடாவில் ஐவரி கல் பறவைகள் 1980களுக்குப் பின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. பனி உருகுதல் போன்ற பிற காரணங்களோடு பாதரசத்தின் மீதும் அறிஞர்கள் ஐயம் கொள்கின்றனர்.

பறவைகள் இவ்வாறு சாட்சி சொல்வது புதிதன்று. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை கடலில் கலந்த பாதரசத்தால் மக்கள் நோயுற்ற செய்தி 1956இல் வெளிப்பட்டது. அதற்கு முன்பே மீன்கள் செத்து மிதந்தன. பறவைகள் வானிலிருந்து வீழ்ந்தன. பூனைகள் வலிப்பு கண்டு மாண்டன. அச்சான்றைப் படிப்பார் இல்லை. 1968இல்தான் அவ்வாலை அந்த உற்பத்தியை நிறுத்தியது.

அவ்வூரின் பெயரையே தாங்கிய உலக உடன்படிக்கை 2013இல் உருவாகி, 2017இல் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் அளித்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்பதை அறிக்கைகள் மறைக்கலாம். இனி முளைக்கும் இறகுகள் மறைக்கா.