தேநீர்க் குடுவைக்கு ஒரு சட்டை

மலாயாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் தேநீர் இரண்டு விதமாகக் குடிக்கப்பட்டது. துரை பங்களாவில் பீங்கான் குடுவை. அது ஆறாமலிருக்க மூக்குக்கும் கைப்பிடிக்கும் சந்துவிட்டுப் பின்னிய கம்பளிச் சட்டை. அதுதான் டீ கோசி. பால் ஜாடிக்கு வட்டமான வலைத்துணி. ஈ மொய்க்காமல் இருக்க அந்தத் துணி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கோத்த கண்ணாடி மணிகள். தொழிலாளர் குடியிருந்த லயத்திலோ தேநீர் அடுப்பிலிருந்து நேரே தூக்குச்சட்டிக்குப் போகும், சூடு இருக்கும்போதே தொண்டைக்குள் இறங்கிவிடும். அதற்கு எதற்குச் சட்டை? கொழுந்து கிள்ளியவர்களுக்கு டீ கோசி தேவைப்பட்டதே இல்லை. ஆனால் அதைப் பின்னிய குரோஷா என்னும் கொக்கி ஊசி லயத்துக்கும் வந்தது. வந்து ரேடியோவுக்கும் பிற்பாடு டிவிக்கும் விரிப்புப் போட்டது.

குரோஷாவை வெள்ளைக்காரப் பாட்டிகளின் கைவேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த ஊசியின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் குஜராத்தின் கட்ச் பக்கமும் நிற்க வேண்டிவரும். தோல் தைத்த மோச்சிகள் கையாண்ட கொக்கி ஊசிதான், இன்று கல்யாண ரவிக்கைகளில் பல்லாயிரம் ரூபாய்க்கு மின்னும் ஆரி வேலையின் ஊசி. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, சங்கிலி சங்கிலியாகப் போட்டுக்கொண்டே போவார்கள். கிழக்கத்திய நாடுகளின் இந்தத் தையல் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்குப் பித்தாகிப் போனது. பிறகு யாரோ ஒரு புண்ணியவதி துணியையே எடுத்துவிட்டு, வெறும் காற்றில் சங்கிலி போட்டுப் பார்த்திருக்கிறாள். குரோஷா பிறந்தது இப்படித்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கணிப்பு. 1823இல் ஒரு டச்சுப் பெண்கள் பத்திரிகை அதற்கு மாதிரிகளே வெளியிட்டது.

குரோஷாவைச் சோறாக்கியது அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஊர் ஊராகப் பட்டினி விழுந்தபோது, கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். வெனிஸின் விலையுயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து நகலெடுப்பதுதான் வேலை. அசலைத் தைக்கும் நேரத்தில் சிறு பங்கிலேயே நகல் முடிந்துவிடும். பணக்கார வீடுகள் முதலில் அதைப் போலிச் சரக்கு என்று பார்த்தன. விக்டோரியா ராணியே பின்னக் கற்றுக்கொண்டதும் போலிக்கு மவுசு வந்துவிட்டது. 1900இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் சண்டையிட்ட வீரர்களுக்குப் பரிசாக ராணி தன் கையாலேயே எட்டுக் கழுத்துத்துணிகள் பின்னிக் கொடுத்தார்.

நம் பக்கத்துக் கதையில் ஒரு தெரிந்த பெயர் குறுக்கிடுகிறது. 1820களில் நாகர்கோவிலில் லேஸ் கற்றுத்தந்த மார்த்தா மால்ட் அம்மையாரின் மகள் எலைசா; அவருடைய கணவர் ராபர்ட் கால்டுவெல். ஆம், ஒப்பிலக்கணக் கால்டுவெல்தான். அவர் திராவிட மொழிகளைப் பின்னிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடையன்குடியில் எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அது திண்டின்மேல் மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. ஒற்றைக் கொக்கியில் வேலை முடியும் குரோஷாவுக்கு வடக்கே கோதாவரிக் கரையில் நரசாபூர் தலைநகரானது. 1844வாக்கில் அந்தக் கரையில் வந்திறங்கிய ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதியிடமிருந்து அது தொடங்கியதாகச் சொல்வார்கள். நூலுக்கும் தெற்கே பஞ்சமில்லை. 1880களில் பாபநாசம் மலையடிவாரத்தில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலைதான், பின்னாளில் ஆங்கர் நூல்கண்டு விற்ற மதுரா கோட்ஸின் வேர்களில் ஒன்று.

கடல் தாண்டி மலாயாவுக்கும் கன்னியாஸ்திரீகள் ஊசியைக் கொண்டுபோனார்கள். 1852இல் பினாங்கில் இறங்கிய பிரெஞ்சுச் சகோதரிகளின் கான்வென்ட்டில் தையலும் ஒரு பாடம். வில்லியம் கேமரன் 1885இல் அளக்கப்போன மலையில் 1929இல் ஜான் ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்; 1930களில் அதே மலையிலுள்ள தானா ராத்தாவுக்குக் கான்வென்ட்டும் வந்தது. பங்களா மேசையிலிருந்தும் கான்வென்ட் வகுப்பிலிருந்தும் லயத்துக்கு ஊசி இறங்கிவர அதிகத் தூரமில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், குளிரில், குடுவைக்குக் கம்பளி போடுவதிலாவது நியாயம் இருக்கிறது. கீழே ஈப்போ வெயிலிலும் துரைமார் போட்டார்கள். ஆங்கில வழக்கம் தட்பவெப்பம் பார்ப்பதில்லை.

இன்று ‘அந்தக் காலத்துச் சமையலறை’ என்று மனம் ஏங்கும் வடிவங்கள் பெரும்பாலும் அவ்வளவு பழையவையல்ல. குட்டிக் கவுன் போன்ற பாத்திரப் பிடிதுணி, விளிம்பில் சிவப்பு ஓடும் டம்ளர் விரிப்பு எல்லாம் 1930கள் முதல் 50கள் வரை நூல் கம்பெனிகள் சில காசுக்கு விற்ற மாதிரிப் புத்தகங்களிலிருந்து வந்தவை. நூல்கண்டு விற்க அச்சடித்ததைப் பாட்டிமார்கள் பின்னினார்கள். பேத்திகள் அதைப் பாரம்பரியம் என்கிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும்: அந்தக் கவுன் பிடிதுணி ஆணியில் தொங்கத்தான் லாயக்கு, துளை வழியே கை சுட்டுவிடும். சூடான பாத்திரம் தூக்க நெருக்கமாகப் பின்னிய பருத்தி நூல் வேண்டும். அக்ரிலிக் நூல் உருகிவிடும்.

நிட்டிங் பின்னலுக்கு 1589இலேயே வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். எத்தனையோ பேரை நகலெடுத்து வளர்ந்த குரோஷாவை நகலெடுக்க மட்டும் சந்தையில் இன்றுவரை இயந்திரம் இல்லை. கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், அசல் குரோஷா என்றால் அதை ஒருவர் உட்கார்ந்து கையால்தான் போட்டிருக்கிறார். நரசாபூரில் ஏற்றுமதிக்குப் பின்னிய பெண்களை வியாபாரிகள் தொழிலாளி என்று எண்ணாமல், ஓய்வில் பின்னும் இல்லத்தரசி என்று சொல்லியே கூலியைக் குறைத்ததை மரியா மீஸ் 1982இல் புத்தகமாகவே எழுதினார். அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2024இல்தான். எனவே அடுத்த முறை பின்னிய டீ கோசி ஒன்றின் விலையைக் கேட்டால், ‘சும்மா இருக்கும்போது போட்டதுதானே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.