சிந்தாமணி கற்பித்த பாடம்

சைவ நன்மக்களே,

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் தேவாரமும் திருவாசகமும் செய்யுட் பகுதியாக இடம்பெற்று வந்துள்ளன. நமக்கு மந்திரமாய் விளங்குவது ஆங்கே மதிப்பெண்ணுக்குரிய மனப்பாடமாகிறது. இது தகுமோ என வருந்தும் அன்பர் பலர். விடையை வரலாற்றில் காண்போம்.

அநபாய சோழன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் திளைத்திருந்தான் என்றும், அவன் உள்ளத்தை அடியார் வரலாற்றில் திருப்பவே சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். அந்தச் சிந்தாமணியைப் பின்னாளில் ஏட்டிலிருந்து அச்சேற்றி வாழ்வித்தவர் யார்? திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரே!

1880ஆம் ஆண்டு குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த ஐயரவர்களிடம், அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி கற்றதுண்டோ என வினவினார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் பயின்றிருந்த ஐயரவர்களுக்கு அந்நூல் புதியது. அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் ஊகத்தால் பொருள் கூற முற்பட்டாரில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணரை நாடி, அவர்தம் மரபைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் நூல் வெளிவந்தது. அதனால் ஐயரவர்களின் சிவபக்திக்கு இழுக்கு வந்ததோ? இல்லை, தமிழ் வளம் பெற்றது.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாதென விதிக்கிறது. ஆதலின் ஆங்கே திருப்பதிகம் இலக்கியமாகவே புகுதல் கூடும். இதனைக் குறையெனக் கொள்ள வேண்டா. பிற சமயச் சிறார் அப்பரடிகளின் தமிழைச் சுவைப்பது இவ்வாயில் வழியே. நம் சிறார் தேம்பாவணியும் சீறாப்புராணமும் கற்பதும் இவ்வாயில் வழியேதான்.

ஆயினும் ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. எதுகையும் மோனையும் காட்டி அமைதல் போதாது. பாடியவர் எதனை நம்பிப் பாடினார் என்பதை, அந்நம்பிக்கையில் வாழ்வோரிடம் கேட்டறிந்து உரைத்தல் வேண்டும். எச்சமய நூலுக்கும் இதுவே முறை. நம்புக என வற்புறுத்தலும் பிழை. நம்பிக்கையை மறைத்தலும் பிழை.

எஞ்சியது நம் கடன். வகுப்பறை சொல்லையும் பொருளையும் தரும். பண்ணையும் பத்திமையையும் தருவது திருக்கோயில். பாடநூலில் பதிகம் பயின்ற பிள்ளையை இத்திருவிழா நாளில் கைபற்றி அழைத்து வந்து, ஓதுவாமூர்த்திகளின் முன் அமர்த்துவோமாக. தான் கற்ற பாட்டு அங்கே இசையாய் எழுவதை அப்பிள்ளை கேட்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.