கோயில் இழந்த மலையும் கோணேசர் பதிகமும்

திருகோணமலைக் கப்பல்துறை இயற்கையே வகுத்தளித்த துறை. குன்றுகள் அரண்செய்ய, ஆழ்ந்த நீரிலே பெருங்கலங்களும் அச்சமின்றித் தங்கும். அத்துறையை விரும்பியே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். அப்போர்க்கதைகள் பலரும் அறிந்தவை. கடலுள் நீண்டு நிற்கும் சுவாமி மலையைப் பற்றியும், அதற்குரிய ஒரு பதிகத்தைப் பற்றியுமே இன்று பேச விரும்புகின்றேன்.

விவிலியத்துச் சங்கீதங்களுள் 107ஆவது, புயலில் அலைக்கழிந்த கப்பலோட்டிகள் அமைதியுற்ற கடல்வழியே துறை சேர்ந்தமைக்கு இறைவனை நன்றியோடு நினைப்பது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்திற் புயல் இல்லை. ஆர்ப்பரிக்கும் கடல் முத்துக்களைக் கரையில் ஒதுக்குகின்றது. மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கோயிலும் சுனையும் கடலும் ஒருங்கே சூழ்ந்திருக்கின்றன. அங்கு உறையும் இறைவன் தாயினும் நல்லவன் என்றும், தொழுவாரின் நோய் தீர்ப்பவன் என்றும் பிள்ளையார் போற்றுகின்றார். இப்பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது.

இத்துணை நெருக்கமாகப் பாடியவர் அம்மலையை நேரிற் கண்டாரா? இராமேச்சரத்தில் இருந்தவாறே கோணமலையைப் பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. இது சிறு செய்தி போலத் தோன்றினும், பின்வந்த வரலாற்றை நோக்கும்போது இதன் அருமை புலனாகும்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தான். அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லொன்று கோட்டை வாயிலிலே இடம்பெற்றது. கோட்டைக் கட்டடக்காரர் தம்மை அறியாமலே அதனைக் காத்துத் தந்தனர் போலும்! மூர்த்திகள் சில மண்ணுள் மறைந்தன. அதன்பின் அடியார்க்குக் கோயில் இல்லை, மலையும் கடலுமே எஞ்சின. ஆங்கிலேயர் காலத்திலும் அவர்கள் பாறையின் விளிம்பில் நின்று, பூவும் பழமும் கடலில் இட்டு வழிபட்டனர். பாடியவர் கோயிலைக் காணாதவர். இவர்களோ அதனை இழந்தவர்கள். கண்முன் கோயில் இல்லாமலே நன்றி சொல்லும் வழியை அப்பதிகம் இவர்களுக்கு முன்னரே காட்டியிருந்தது. இடிப்பவர் கைக்கு எட்டாத மலையும் அலையும் அதிலே பாடப்பெற்றிருந்தன.

1950ஆம் ஆண்டு கிணறு வெட்டியபோது, புதையுண்டிருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியிற் கடலுள் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டனர். பிள்ளையார் பாடிய கடல் முத்தை ஒதுக்கிற்று; இக்கடலோ மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கோயிற் கற்களை வைத்திருந்தது.

மலைமேல் எழுந்த புதிய ஆலயத்திற்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மண்ணிலிருந்து மீண்ட மூர்த்திகளும் அங்கே இடம்பெற்றனர். அங்கு செல்வோர் கோட்டை வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். போகும்போது அந்தக் கயற்கல்லைச் சற்று நின்று பாருங்கள்.